மூங்கிலுக்கு இந்தப் பக்கம்

நாத்தனார் மாசாணியின் கருமாதி முடிந்த கையோடு வெங்கடம்மாள் பேரூராட்சிக் கூட்டத்துக்குப் போனாள். அன்னூர்ப் பக்கத்து அந்தச் சின்ன ஊரில், தொண்ணூற்றாறு தேர்தலில் துப்புரவுக் காலனி வார்டுக்கு அவளைத்தான் ஜெயிக்க வைத்திருந்தார்கள். அடுத்த கோடையிலேயே காலனிக்குள் வாந்திபேதி புகுந்தது. காரணம் ஊருக்கே தெரியும். குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் முங்கி, துருப்பிடித்து ஓட்டை விழுந்து கிடந்தது. புதுக் குழாய்க்கென்று பணம்கூட ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கியதோடு சரி. அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் மாசாணி செத்தாள்.

கூட்டத்தில் தலைவர் பாலுசாமி வேறு கதை சொன்னார். பிளீச்சிங் பவுடர், ஊசி முகாம், தண்ணீர் லாரி வாடகை என்று நோய் வந்ததில் பொது நிதி வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டதாம். மிச்சம் இருப்பது அந்தக் குழாய்ப் பணம்தானாம். மாரியம்மன் கோயில் திருவிழா, நோம்பி வேறு வருகிறது. காலனி ஆட்கள் கூட்டத்தில் கலந்தால் ஊருக்கே நோய் பரவும். அதனால் நோம்பி முடிந்து ஒரு வாரம் வரைக்கும் காலனி முகப்பை மறித்துப் போலீஸ் காவல் போட வேண்டுமாம். ஸ்டேஷனில் ஆள் தருவார்கள். பந்தல், சாப்பாடு, ஜீப்புக்கு டீசல் எல்லாம் பேரூராட்சி பொறுப்பு.

ஆக, குழாய்க்கு வைத்த பணம் போலீஸ் சாப்பாட்டுக்கு. நோயைக் கொண்டுவந்த குழாய் அப்படியே இருக்கும், நோய் கண்டவர்களுக்குத்தான் பூட்டு. இதைப் பெரிய மனிதர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, காப்பி குடித்து, யோசித்துத் தீர்மானம் போட்டார்கள்.

வெங்கடம்மாள் எழுந்து நின்றாள். "எங்களெ அடைச்சு வெக்கற காசுல கொழாய மாத்திப்போடலாமுங்களே" என்றாள்.

பாலுசாமி குரலை உயர்த்தவில்லை. அந்த ஊரில் கழுத்தை அறுப்பதென்றாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள். "நோம்பி முடியட்டும் அம்மணி, பாத்துக்கலாம்" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள். அவள் பேசியதை யாரும் எழுதவில்லை. 

சொன்னபடியே காலனி முகப்பில் இரண்டு கவட்டைக் கம்பு நட்டு, குறுக்கே ஒரு மூங்கிலை வைத்தார்கள். பக்கத்தில் பந்தல், பெஞ்சு, இரண்டு போலீஸ்காரர்கள். மத்தியானமானால் ஜீப்பில் சாப்பாடு வந்து இறங்கும். தண்ணீர் லாரி மட்டும் வந்தால் வந்தது. காலிக் குடத்தோடு மூங்கிலுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெண்களின் மூக்குக்கு அந்தச் சாம்பார் வாசம் வரும். வெங்கடம்மாளுக்கு அதை நினைத்தாலே பற்களைக் கடிக்கத் தோன்றியது.

நோம்பி ஜாம்ஜாமென்று நடந்தது. அன்னதானப் பந்தலில் ஊர் கொள்ளாத கூட்டம். எல்லாம் முடிந்து விடிந்தபோதுதான், அத்தனை மூளைக்காரர்களுக்கும் உறைக்காத ஒன்று ஊருக்கு உறைத்தது. தெரு கூட்டுகிறவர்கள் எல்லோரும் மூங்கிலுக்குள்ளே இருந்தார்கள்.

எச்சில் இலை கோயில் வீதி முழுக்கக் கிடந்தது. சித்திரை வெயில் அதன்மேல் காய்ந்தது. மறுநாள் நாற்றம் தாங்காமல் துப்புரவு மேஸ்திரி திருமூர்த்தி ஓடி வந்து, வெங்கடம்மாளின் புருசன் ராமுலுவையும் மற்றவர்களையும் வேலைக்குக் கூப்பிட்டார். வராவிட்டால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். ராமுலு பயந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டான். வெங்கடம்மாள் அதைப் பிடுங்கி வீட்டுக்குள் எறிந்தாள். ஆளை வெளியே விடக்கூடாது என்பது தலைவர் போட்ட உத்தரவு, அதை மீறச் சொல்ல மேஸ்திரிக்கு என்ன அதிகாரம் என்று கேட்டாள். மூங்கிலைத் தூக்கப் போலீஸ்காரர்களும் மறுத்துவிட்டார்கள். திருமூர்த்தி வந்த வழியே போனார்.

அடுத்த நாள் பாலுசாமியே காரில் வந்தார். அவர் வீடு கோயில் வீதியில்தான். மூக்கை மூடிய கைக்குட்டையைக் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினார். போலீஸ்காரர்களுக்கு அப்போதுதான் சாப்பாடு வந்திருந்தது. தலைவரைக் கண்டதும் சாப்பாட்டை விட்டு எழப் போனவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் தன் கையாலேயே மூங்கிலைத் தூக்கிச் சாய்த்து வைத்தார்.

"போதும் அம்மணி, காவலெ எடுத்தாச்சு. ஆளுகளெ அனுப்பு, ஊரே நாறுது."

காலனியில் ஒருவரும் அசையவில்லை. வெங்கடம்மாள் முன்னால் வந்தாள். மூங்கிலை எடுத்தாள். பழையபடி கவட்டையில் குறுக்கே வைத்தாள்.

"நாங்க கலந்தா நோய் பரவும்னு நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டீங்க. கொழாயப் பதிச்சுப்போட்டுக் கூப்புடுங்க, வாரோம்."

"காசுக்கு எங்க போறது? இருந்தா நான் போட மாட்டனா?"

அவள் பந்தலைக் கையால் காட்டினாள். "அந்தா, எலையில கெடக்குது பாருங்க, அதுதானுங்க எங்க கொழாய்."

ஒரு போலீஸ்காரர் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். பாலுசாமி காரில் ஏறினார்.

சாயங்காலமே பந்தலைப் பிரித்தார்கள். மறுநாள் ஈரோட்டிலிருந்து குழாய் ஏற்றிய லாரி வந்தது. இல்லாத காசு எங்கிருந்து வந்தது என்று மன்றத்தில் யாரும் கேட்கவில்லை. பள்ளம் தோண்டி, குழாய் பதித்து, தண்ணீர் விட்ட பிறகுதான் ராமுலுவும் மற்றவர்களும் துடைப்பத்தைத் தொட்டார்கள்.

புதுக் குழாயில் தண்ணீர் தெளிவாக விழுந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே குடத்தை வைத்தார்கள். வெங்கடம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம் முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது. மாசாணி செத்தபோது கிடைக்காத குழாய், பாலுசாமி வீட்டு வாசலில் எச்சில் இலை நாறியதும் கிடைத்துவிட்டது.