கட்டைவிரல் நகம்

என் வீட்டுக்காரர் பாக்கெட் தீனி வேன் ஓட்டுகிறார். கடை கடையாகச் சரக்குப் போடுவது வேலை. வழியில் கிழிந்த பாக்கெட்டைக் கடைக்காரர் வாங்கமாட்டார், கம்பெனியும் திருப்பி எடுக்காது. 'டேமேஜ்' என்று வேன்காரர்களே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த டேமேஜைத் தின்றுதான் எங்கள் ஏழு வயது மகள் வளர்ந்தாள். சிப்ஸ், கிரீம் பிஸ்கட், கப் நூடுல்ஸ். நான் சமைத்ததெல்லாம் எனக்கும் குப்பைத் தொட்டிக்கும்தான்.

போன மாதம் கக்கூஸிலிருந்து அலறினாள். மலம் கல்லாக இறுகி, கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒரே ரத்தம். டாக்டரம்மா மருந்து எழுதினார்.

"மருந்து மட்டும் போதாதும்மா. இந்தப் பாக்கெட்டுங்களைக் குறைக்கலைன்னா திரும்பத் திரும்ப வரும். பயறு, காய், கீரை, பழம்னு மாத்தி மாத்திக் குடுங்க. ஒரே காயைக் குடுத்து வெறுக்க வெச்சிடாதீங்க."

அன்றிலிருந்து அடுப்படியில் குஸ்திதான். பூசணியைத் துப்பினாள். கோஸைத் தட்டோடு தள்ளினாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் வேறொன்று வைத்தேன். நேற்று மத்தியானம் வேகவைத்த கொண்டைக்கடலையைப் பிதுக்கி விளையாடியவள், விளையாட்டுவாக்கில் ஒரு கிண்ணத்தையே தோலோடு காலி செய்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் இந்த மனுஷன் ஒரு பை டேமேஜோடு வந்து நின்றார். அவ்வளவுதான், ராத்திரி சாப்பாடு யாருக்கு வேண்டும்?

"கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?"

"கிழிஞ்சதைக் குப்பைல கொட்டச் சொல்றியா? குழந்தைன்னா ரெண்டு தின்னத்தான் செய்யும்."

காலிப் பாக்கெட்டுகளைக் கூட்டி அள்ளும்போதுதான் பார்த்தேன். எல்லாமே ஒரே மூலையில், பிறை மாதிரி, ஒரே அளவில் கிழிந்திருந்தன. அட்டைப்பெட்டி டேப்பை அறுக்க இவர் கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே கிழிச்சிருக்கீங்க!"

தலை குனிந்தார். "அப்பான்னு ஓடி வருவா. வெறுங்கையோட எப்படி வர்றது?"

பாசமாம், பாசம்! விடியுமுன் கிளம்பிவிடுவார். லீவு நாளில் பத்து மணி வரை குறட்டை. அவள் கக்கூஸில் படும் பாட்டை ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

இன்று விடியுமுன்பே வேன் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மகள் எழுந்திருக்கும்வரை தரவில்லை.

"குடு, லேட்டாகுது."

"ஆகட்டும். இங்க நின்னு காது குளிரக் கேட்டுட்டுப் போங்க."

அவள் உள்ளே போனதும், கக்கூஸ் கதவுக்கு வெளியே அவரை நிறுத்தினேன்.

"அம்மா, வரலம்மா... எரியுதும்மா! வேணாம்மா!"

அவர் கதவில் கை வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தினமும் இப்படியா?"

"ஆமா. தினமும்."

சாவியை அவர் மடியில் வீசினேன்.

சாயங்காலம் வழக்கம்போல அவள் அப்பாவிடம் ஓடினாள். பையில் பச்சைப் பட்டாணி, உரிக்காமல். அவள் முகம் சுருங்கியது. அவர் கீழே உட்கார்ந்து ஒன்றைப் பிளக்கப் பார்த்தார். முடியவில்லை. கட்டைவிரல் நகம் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"தள்ளுப்பா, உனக்குத் தெரியல" என்று பிடுங்கி அவளே பிளந்தாள். உரித்ததில் பாதி பச்சையாகவே அவள் வாய்க்குள் போனது.

நான் இன்னும் அவரோடு பேசவில்லை.