மெத்தைக் கடைக்கு வந்த அசல் லிங்க்

டயர் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவளுடைய வேலை, ஒரு மெத்தைக் கடையின் லிங்க்கை ஒரு நாளைக்கு நாற்பது இடங்களில் போடுவது. நாலு பேருடைய இணையதளத்தில் கடையின் லிங்க் இருந்தால்தான் கூகுள் தேடலில் கடை மேலே வரும். கடைகளின் விவரங்களைத் திரட்டி வைக்கும் தளங்களில் பதினைந்து, கேள்வி பதில் தளங்களில் பத்து, மீதியெல்லாம் யாரோ எழுதிய பதிவுகளுக்குக் கீழே கமெண்டாக.

பதிவைப் படிக்க நேரம் கிடையாது. தலைப்பை மட்டும் பார்ப்பாள். ‘தூக்கம்’ என்று ஒன்று அகப்பட்டது. “அருமையான பதிவு ஐயா. நிம்மதியான தூக்கத்துக்கு இங்கே பாருங்கள்” என்று எழுதி, லிங்க்கை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மறுநாள் அதற்குப் பதில் வந்திருந்தது. இதுவரை எதற்கும் வந்ததில்லை.

“என் பக்கத்துக்கு வந்த முதல் கருத்து உங்களுடையது. நன்றி அம்மா. மெத்தைகளைப் பார்த்தேன். ஒருவர் படுப்பதை வாங்கவா, இருவர் படுப்பதையே வாங்கவா?”

அதற்குப் பிறகுதான் பதிவைப் படித்தாள். எழுதியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்தொரு வருடம் மனைவியின் குறட்டையைத் திட்டிக்கொண்டே தூங்கியவர். அந்த அம்மா போய் எட்டு மாதம். வீடு நிசப்தமாக இருப்பதால் தூக்கம் வருவதில்லையாம்.

பக்கத்து மேசையில் நாத்தனார். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

“இதைப் படியேன்.”

நாத்தனார் படித்தாள். “பெருசையே வாங்கச் சொல்லுங்க அண்ணி. அதுலதான் தள்ளுபடி.”

அவள் அதைக் கேட்காமல் கண்டக்டரின் கேள்விக்கே திரும்பினாள். இப்படி எழுதினாள்: “இப்போது எதையும் வாங்காதீர்கள். ரேடியோவைப் போட்டுவிட்டுப் படுத்துப் பாருங்கள். நான் படிக்காமலே எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.”

அன்று முப்பத்தொன்பதுதான் தேறியது.

அடுத்த வாரம் கண்டக்டர் புதுப் பதிவு போட்டார். ரேடியோவில் யாரோ உரமிடும் முறை பற்றிப் பேச, பாதியிலேயே கண்ணயர்ந்துவிட்டாராம். ‘மெத்தை வாங்காதே என்று சொன்ன மெத்தைக் கடை’ என்று எழுதி, அவராகவே லிங்க் கொடுத்திருந்தார். படித்தவர்கள் தங்கள் பக்கங்களிலும் அதைப் போட்டார்கள். தேடலில் நான்காம் பக்கத்தில் கிடந்த கடை முதல் பக்கத்துக்கு வந்தது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். “கேக்காமலே ஒருத்தர் குடுக்கிற லிங்க்தான் அசல் சரக்கு. எப்படிம்மா பண்ணே?”

“மன்னிப்புக் கேட்டேன் சார்.”

அவர் குறித்துக்கொண்டார். “ஒரு நாளைக்குப் பத்து மன்னிப்பு முடியுமா?”

“தப்பு பண்ணாம எப்படி சார் கேக்கிறது?”

“அதான் தினம் நாப்பது பண்றோமே.”

கமெண்ட் வேலையே இனி வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். மேனேஜர் வற்புறுத்தவில்லை; கடை விவரத் தளங்களை மட்டும் அவளிடம் விட்டார். மன்னிப்பு வேலை நாத்தனாருக்குப் போனது. அவள் நாளுக்குப் பன்னிரண்டு முடிக்கிறாள்.

கண்டக்டரின் பக்கத்தை அண்ணிக்காரி விடுமுறை நாளில் வீட்டிலிருந்து படிக்கிறாள். கடைசியாக அவர் எழுதியது, சில்லறை தராமல் தூங்குவதுபோல் நடிக்கும் பயணிகளைப் பற்றி. முழுதும் படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்ததாக ஒரு வரி எழுதினாள்.