கிடங்கிலிருந்து வந்த சொல்

அந்த வீட்டில் அவனுக்குத் தம்பி என்றுதான் பேர். வயது இருபத்து மூன்று. பகலில் பார்சல் கிடங்கு, மற்ற நேரமெல்லாம் அக்கா வீட்டு முன்னறை சோபா. கடல் கடந்து வந்தவனுக்கு ஜாகை அவ்வளவுதான்.

ஊரில் 'சனியனே' என்று சொல்லக்கூட நாக்குக் கூசியவன். கிடங்கிலோ பெட்டி சரிந்தால் ஆளுக்கு ஆள் ஒரே வசவைச் சொல்வார்கள். அந்த நாட்டு மொழியில் அவன் முதலில் கற்றதே அதைத்தான். அர்த்தம் தெரியாமல் இல்லை. அம்மாவை இழுக்கிற சொல். ஆனால் அந்நிய மொழி வசவு நாக்கைச் சுடவில்லை. வீட்டிலும் சாவி விழுந்தால், சார்ஜர் மாட்டாவிட்டால் அதுவே வாயில் வந்தது.

அக்கா மகள் வாண்டு, இரண்டரை வயது, குழந்தைகள் காப்பகத்தில் கட்டை அடுக்கினாள். சரிந்தது. மாமனைப் போலவே இடுப்பில் கைவைத்து, அட்சரம் பிசகாமல் அதைச் சொன்னாள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டா, உன் வாய்ல என்ன சாக்கடையா ஓடுது?"

"இல்லக்கா, அது சும்மா..."

"சும்மாவா? மத்த புள்ளைங்களும் பிடிச்சுக்கிச்சாம். இந்த மாசத்துக்குள்ள நிறுத்தலைன்னா வேற இடம் பாருங்கன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. எங்கடா இருக்கு வேற இடம்? நான் வேலைய விட்டுட்டு உக்காரவா?"

நுணலும் தன் வாயால் கெடும். இந்த நுணல் பக்கத்து வாயையும் சேர்த்துக் கெடுத்திருந்தது.

முதலில் மிரட்டிப் பார்த்தான். மாமன் விழி பிதுங்குவதை வாண்டு ரசித்துவிட்டு, இன்னும் பிதுங்கட்டும் என்று இரண்டு தரம் கூடுதலாகச் சொன்னாள். மறுநாள் அவனே அவளைக் காப்பகத்தில் விட்டு, தட்டுத்தடுமாறி ஆசிரியையிடம் வழி கேட்டான். திட்டவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், காதில் விழாத மாதிரி இருங்கள், பதிலுக்கு வேறொரு சொல் கொடுங்கள் என்றார் அவர்.

அவன் 'அடடடடா' கொடுத்தான். ஸ்பூனை வேண்டுமென்றே கீழே போட்டு, தலையில் கைவைத்து, நீட்டி முழக்கினான். பழகவேண்டுமே என்று கிடங்கிலும் அதையே சொன்னான். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு அடடா என்றே பேர் வைத்துவிட்டார்கள். போகட்டும். வாண்டு மெல்ல மெல்ல அடடடடாவுக்கு மாறினாள். அக்காவும் அவனோடு முகம் கொடுத்துப் பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ஊரிலிருந்து எல்லாரும் வந்தார்கள். டம்ளரில் சாய்த்து வைத்திருந்த போன் வழுக்கி விழுந்தது. வாண்டு பழைய சொல்லைச் சொன்னாள்.

"எம்மாடி! அந்த ஊரு பாஷை எப்படிப் பேசுது பாரேன்!" சித்தி கைதட்டினாள்.

"இன்னொரு தரம் சொல்லு கண்ணு, தாத்தாவுக்கு!" என்றார் அப்பா.

சொன்னாள். கைதட்டல். மறுபடி சொன்னாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பேத்தி பின்னாலேயே அந்தச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தார். "சரியா வருதா தம்பி?"

'டேய்' என்பதற்குமேல் யாரையும் வையாத வாய் அது. அந்த வாயில் கேட்டபோதுதான் அந்தச் சொல் அவனை முதன்முதலாகச் சுட்டது. காது மடலெல்லாம் எரிந்தது. சிக்னல் போச்சு என்று போனை அணைத்தான். அக்கா பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். வாண்டு கைதட்டலுக்காகத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் காதில் விழாதபடி மாடிப்படிக்கு வந்தான். குடும்பக் குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்தி, பேசப் பேச எழுத்தாகட்டும் என்று சொன்னான்:

"அப்பா, சித்தி, எல்லாரும் படிங்க. பாப்பா சொன்னது நல்ல வார்த்தை இல்ல. அம்மாவ வச்சுத் திட்டுற கெட்ட வார்த்தை. என்கிட்டேருந்துதான் கத்துக்கிச்சு. அப்பா, நீங்க இனிமே அத வாயால சொல்லாதீங்க. காப்பகத்துல நிறுத்திட்டா அக்கா வேலை போயிரும். அடுத்த தடவை பாப்பா சொன்னா யாரும் சிரிக்காதீங்க, திட்டாதீங்க, கேக்காத மாதிரி இருந்துட்டு என்ன சாப்ட்டேன்னு கேளுங்க. என்னைய வேணும்னா திட்டிக்கோங்க. பாப்பா முன்னாடி மட்டும் கைதட்டாதீங்க, தயவுசெஞ்சு."