கல்லிடுக்கில் ஆமை

முட்டையிட ஏறிவந்த ஆமை, திரும்பும்போது கற்குவியலுக்குள் சிக்கிக் கிடந்தது. விடிந்தும் விடியாமலும் வேலைக்கு வந்த மிசாவோதான் முதலில் பார்த்தாள். மணலில் துடுப்புக்கால் இழுத்த தடம் கடலுக்கு நேராகப் போகாமல், போன வாரம் துறைமுகச் சுவரை ஒட்டி இறக்கிய நாலுகால் சிமெண்டுக் கற்கள் பக்கம் வளைந்து போயிருந்தது. கடலுக்கு வழி என்று நினைத்து இடுக்கில் தலையைக் கொடுத்துவிட்டது. முதுகோடு மேல்கல்லின் காலுக்கடியில் இறுகச் செருகிக்கொண்டிருந்தது. தலை கீழே, கடல் பக்கம். அலை வரும்போதெல்லாம் தண்ணீர் மூக்கை மூடிவிட்டு இறங்கியது.

தெற்கே எங்கோ புயல். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆமை செத்தா இந்த வருசம் வலையில ஒண்ணும் விழாதுன்னு மீன்காரங்க நம்மளத்தான் திட்டுவாங்க," என்றார் மேஸ்திரி குரோகி. "மேல்கல்லை ஒரு சாண் தூக்கினாப் போதும். எறங்கி தூக்குற வயரைக் கோத்துடு மிசாவோ."

"நீங்க எறங்குங்களேன்."

"என் வயித்தைப் பாத்துட்டுப் பேசு. அப்புறம் ரெண்டு ஆமையைத் தூக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. சுவர்மேல் நின்ற கிரேனைப் பார்த்தாள். உள்ளே தோகுஜி உட்கார்ந்திருந்தான். அவள் புருஷனின் தம்பி.

மூன்று வருஷத்துக்கு முன் இதே சுவரில் அவள் புருஷன் யோஷிரோதான் கொக்கி மாட்டுகிற கலாசி. அன்றைக்கும் கடல் ஏறிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அவசரப்படுத்தினார். யோஷிரோ கையை உயர்த்துமுன் தோகுஜி தூக்கிவிட்டான். கல் உருண்டது. யோஷிரோவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அதற்குப் பிறகு மிசாவோ கலாசிப் பரீட்சை எழுதி, புருஷனின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அதே வேலைக்கு வந்தாள். தோகுஜியின் கொக்கியைத் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் வந்தாள். அவள் வேலை செய்கிற கிரேன் துறைமுகத்தின் மறுகோடியில் நின்றது. அதை ஓட்டுகிறவன் வருவதற்குள் ஆமையின் தலை முழுகிவிடும்.

மிசாவோ ஏணி ஏறி கேபின் கதவருகே போனாள். தோகுஜி எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. நான் உள்ள இருக்கும்போது நீ என்னைப் பாக்க முடியாது. என் கை கல்லுக்கு மேல வரணும். வந்தாத்தான் தூக்கணும். யார் கத்தினாலும், எது நடந்தாலும்."

"சரிங்க அண்ணி."

"அன்னிக்கும் சரின்னுதான் சொன்னே."

அவன் முகம் வெளுத்தது. கொக்கியை இடுக்குக்கு மேலே இறக்கினான்.

அவள் இடுக்கில் இறங்கினாள். கல்லெல்லாம் சொரசொரவென்று அரம்போல் இருந்தது. ஆமை மூச்சு விட்டது. வயசான ஆள் படியேறிவிட்டு விடுகிற மூச்சு. கண்ணிலிருந்து பிசின்போல் நீர் வழிந்தது. "தள்ளிப் படுடி," என்று முணுமுணுத்தபடி கல்லின் ஒரு காலில் வயரைச் சுற்றினாள். இன்னொரு காலுக்கு அடியில் வலது கையை விட்டு வயரின் நுனியை மறுபக்கம் தள்ள வேண்டும். தோள்வரை விட்டாள். மறுபக்கம் வந்த நுனி இடது கை விரலில் பட்டது. இழுத்தாள். மேலே கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. வயரின் இரு நுனி வளையங்களையும் இடது கையால் அதில் மாட்டினாள். வலது கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. கல்லுக்கும் வயருக்கும் நடுவில் சட்டைக் கை மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அலை வந்தது. முன்னால் வந்தவை போல அல்ல. சுவரே நனைகிற அலை. தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. ஹெல்மெட் கழன்று போயிற்று. இறங்கும்போது ஆமையையும் அவளையும் சேர்த்து இழுத்தது.

"தூக்குடா," குரோகி கத்துவது கேட்டது. "அடுத்தது வருது. அவ கல்லுக்கடியில மாட்டிக்கிட்டா, முழுகிடுவா. தூக்குடா மடையா."

மிசாவோ கையை வெடுக்கென்று இழுத்தாள், வரவில்லை. இப்போது தூக்கினால் வயர் இறுகும். கை தோளோடு போகும். "வேண்டாம்" என்று கத்த வாயைத் திறந்தாள், உப்புத்தண்ணீர்தான் உள்ளே போனது. இடது கையை மட்டும் உயர்த்தலாம், ஆனால் அது தூக்கச் சொல்கிற சைகை. நிறுத்தச் சொல்ல அவளிடம் வேறு சைகை இல்லை. அதைச் சொல்லி வைக்க மறந்துவிட்டாள்.

இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். அன்றைக்கு அது முதலில் உறுமியது, பிறகுதான் தன் அலறல் கேட்டது என்று யோஷிரோ சொல்லுவான். குரோகி கேபின் கதவைத் தட்டினார். திட்டினார். அம்மாவை இழுத்துத் திட்டினார். சத்தம் மாறவில்லை. ஒரே சீராக ஓடியது.

இரண்டாவது அலை மூடியது. தண்ணீருக்குள் அவள் துணியோடு தோலையும் சேர்த்துப் பிய்த்து இழுத்தாள். கை வந்தது. பக்கத்துக் கல்மேல் தொற்றி ஏறி, இருமி முடிக்குமுன் கையை உயர்த்தினாள்.

இஞ்சின் உறுமியது. வயர் இறுகியது. கல் ஒரு சாண் எழுந்து அசையாமல் நின்றது.

ஆமை அசையவில்லை. மிசாவோ மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரு துடுப்பு மட்டும் துழாவியது. மறு அலை வந்து திரும்பியபோது இடுக்கு காலியாக இருந்தது.

குரோகி லாரியிலிருந்து கிழங்குச் சாராயப் புட்டியோடு ஓடிவந்தார். கரைக்கு வந்த ஆமைக்கு ஒரு வாய் ஊற்றித்தான் அனுப்பவேண்டும் என்பது மீன்காரர் வழக்கம். "குடிக்காமலே ஓடிட்டா," என்று கொஞ்சத்தைக் கடலில் ஊற்றினார். மிச்சத்தை மிசாவோவிடம் நீட்டினார். அவள் அதைச் தோல் உரிந்த முழங்கைமேல் கொட்டிப் பல்லைக் கடித்தாள்.

"ஏண்டா தூக்கல?" குரோகி மேலே பார்த்துக் கேட்டார். "அவ செத்திருந்தா?"

சுமை தொங்கும்போது கிரேன்காரன் இறங்கக் கூடாது. தோகுஜி இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பேசினான். "அண்ணி கை வரலீங்க." குரல் நடுங்கியது. லீவரைப் பிடித்த கை மட்டும் ஆடவில்லை.

மிசாவோ அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கல்லைப் பழைய எடத்துல எறக்காதே," என்றாள். "பக்கத்துக் கல்லோட ஒட்டி வை. இடுக்கு விட்டா நாளைக்கு இன்னொண்ணு வந்து விழும். நான் காட்டறேன்."

அலை எட்டாத கல்லாகப் பார்த்து ஏறி, அவன் கண்ணுக்கு நேரே வந்து நின்றாள். ரத்தம் சொட்டுகிற கையை உயர்த்தினாள். அதற்கப்புறம்தான் இஞ்சின் சத்தம் மாறியது.