பேர் இல்லாத வேலை

கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் கூலி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் போடாமல் எவனும் கத்தியைத் தொடமாட்டான்.

சனிக்கிழமை எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை ராஜலிங்கம் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டான். லயத்துக்குப் பின்னால் மரக்கறி போடுகிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் மறுநாள் ரோட்டோரம் புல் வெட்ட வரணுமாம். பேர் கிடையாதாம். வராதவர்களின் மரக்கறித் துண்டைக் கம்பெனி எடுத்துவிடுமாம்.

என் மருமகள் கலாராணியின் போஞ்சி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டு அடுப்பே அதில்தான் எரிகிறது.

"போய் வெட்டிட்டு வந்துரு. இவனுங்களோட மல்லுக்கட்ட முடியாது" என்றேன்.

கலாராணியின் தங்கச்சி துஷ்யந்தி வந்திருந்தாள். அம்பிட்டியில் சரித்திர டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்தாள்.

"மாமா, இங்கிலாந்துல தலைவரி யாருக்குப் போட்டாங்கன்னு கேட்டா, ஒருத்தன் எழுதியிருக்கான், 'மொட்டை அடிச்சவங்களுக்கு வரி இல்ல'ன்னு!"

"வெள்ளைக்காரனுக்கே வரியா? யாரு போட்டது?"

"அவங்க ராஜாதான், அறுநூறு வருசத்துக்கு முன்ன. சண்டைச் செலவுக்கு. பணக்காரனோ ஏழையோ, தலைக்கு இவ்வளவுன்னு. அதுக்கு முன்ன கொள்ளைநோய்ல பாதி சனம் செத்துப்போச்சு. ஆள் குறைஞ்சதால கூலி கூட்டிக் கேட்டாங்க. கேக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. போதாததுக்கு, குடியிருக்கிற நிலத்துக்காக பிரபுவோட வயல்ல சும்மா வேலை செய்யணும்."

"சும்மான்னா?" என்றாள் கலாராணி.

"பேர் இல்லாமதான் அக்கா."

நான் நம்பவில்லை. வெள்ளைக்காரன் பேர் இல்லாமல் மண்வெட்டி பிடித்தானாம்! பள்ளிக்கூடத்தில் என்னதான் சொல்லமாட்டார்கள்?

"கடைசியில என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் திரண்டு லண்டனுக்குப் போனாங்க. 'இனி நீங்க அடிமை இல்ல'ன்னு ராஜா எழுதிக் குடுத்தாரு. நம்பி வீட்டுக்குத் திரும்புனாங்க. பிறகு அந்த எழுத்து செல்லாதுன்னுட்டு, தலைவனுங்களத் தூக்குல போட்டாரு."

இதை மட்டும் நான் உடனே நம்பினேன்.

ஞாயிறு காலையில் கலாராணி ரோட்டுக்குப் போகவில்லை. போஞ்சிப் பந்தலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பக்கத்து வீட்டு வேலாயி கத்தியோடு ரோட்டுக்கு இறங்கினாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன், அவளுக்கும் போஞ்சி இருக்கிறது.

ராஜலிங்கம் மூச்சு வாங்க வந்தான்.

"என்னம்மா, எல்லாரும் அங்க நிக்கிறாங்க, நீ இங்க நிக்கிற?"

"பேர் போடுவீங்களா?"

"இது பேர் போடுற வேலை இல்லம்மா. சரி, இந்த ஒரு தடவை வா. இந்தத் துண்ட உனக்கே எழுதித் தரச்சொல்லி கம்பெனித் தொரைகிட்ட நானே பேசுறேன். சத்தியமா!"

கலாராணி தடுமாறினாள். என்னைப் பார்த்தாள். முந்தின நாள் போ என்று சொன்னவன் நான்தானே.

"மொதல்ல எழுதிக்கொண்டு வா" என்றேன். "வந்தாலும் நம்பமாட்டேன். ஆனா கொண்டு வா, பாப்போம்."

"பெரியவரே, வயசான காலத்துல வம்பு வேணாம்."

"வம்பு எனக்கு இல்ல. காலங்காத்தால மேடு ஏறி வந்தது நீ."

முறைத்துக்கொண்டே இறங்கிப் போனான். நாளைக்கு ஆள் கூட்டி வருவானோ என்னவோ, தெரியாது. கலாராணி மேல் வரிசையில் பதமான காய்களைப் பறிக்கத் தொடங்கினாள். கூடையை நான் பிடித்தேன்.