நிரூபிக்கப்படவில்லை

கம்பெனிக்காரன் கொடுத்தால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அக்ராவிலிருந்த அந்த மருந்து ஆய்வு மையத்தில் இதுதான் முதல் சட்டம். யார் கைக்கும் அடங்காத மையம் என்று பெயர். கொர்கோர் அந்தச் சட்டத்தை வேதமாகப் பிடித்துக்கொண்டவள். கூட வேலை பார்த்த யூஃபியும் அப்படித்தான் என்று நம்பித் தொலைத்தாள்.

புது மருந்து வந்தால் இருவர் தனித்தனியாகப் படிப்பார்கள். அதுவரை ஒருவரிடம் ஒருவர் மூச்சுவிடக் கூடாது. பிறகு ஒன்றாக உட்கார்ந்து ஒரே வாக்கியத்துக்கு வருவார்கள். அதைப் பார்த்துத்தான் அரசாங்கம் மருந்தை ஆஸ்பத்திரிப் பட்டியலில் சேர்க்கும், இல்லை தள்ளும். இந்த முறை வந்தது, உடம்பை வலியால் முறுக்கும் அரிவாள் செல் என்ற ரத்த நோய்க்கான மாத்திரை. படித்தவர்கள் கொர்கோரும் யூஃபியும்.

கம்பெனி அடித்த கூத்து இருவர் கண்ணிலும் பட்டது. நோயாளிகளின் வலியை எண்ணுவதாகத்தான் தொடங்கியிருந்தார்கள். வலி குறையவில்லை என்றதும், சோதனையின் நடுவிலேயே அதை விட்டுவிட்டு, வலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வராதவனுக்கெல்லாம் வலியே இல்லையாம்! கொர்கோரின் தம்பி அக்வேக்கு அதே நோய். வலி வந்தால் துண்டைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பானே தவிர, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். பழைய மாத்திரைதான் அவனை நடமாட வைத்திருந்தது. புதியது பட்டியலில் ஏறினால் பழையது இறங்கிவிடும். இரண்டையும் வாங்க அரசாங்கத்துக்கு வக்கில்லை.

“தம்பி விஷயத்தை எழுதிக் கொடுத்துடட்டுமா?” என்று படிக்கத் தொடங்கும் முன்பே யூஃபியிடம் கேட்டிருந்தாள். சொந்தபந்தம் இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

“அட, போ கொர்கோர்! கம்பெனியில பங்கு வச்சிருந்தா சொல்லணும். தம்பிக்குச் சீக்குன்னு எவ எழுதிக் கொடுப்பா? இந்த ஊர்ல யார் வீட்டுலதான் இந்தச் சீக்கு இல்ல?” என்றான் யூஃபி.

ஒருமுறை அக்வே மயங்கி விழுந்தபோது முதுகில் சுமந்துகொண்டு ஓடியவன் அவன். அவன் சொன்னால் அவளுக்கு அப்பீல் ஏது?

‘வலி குறைவதாக நிரூபிக்கப்படவில்லை’ என்று இருவரும் முடிவு செய்தார்கள். அன்று கெங்கி என்ற புளித்த சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கி, மிளகாய்க் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அமைச்சகக் கூட்டத்தில் யூஃபி எழுந்து வாசித்தான். “வலி குறையாது என்று நிரூபிக்கப்படவில்லை.”

நாக்குப் புரண்டுவிட்டது என்றுதான் கொர்கோர் நினைத்தாள். “தப்பா வாசிச்சுட்டே யூஃபி. ‘குறைவதாக’.”

“சரியாத்தான் வாசிச்சேன்.” அவன் கூட்டத் தலைவர் பக்கம் திரும்பினான். “ஐயா, சொல்லவே சங்கடமா இருக்கு. இவங்க தம்பி பழைய மாத்திரை சாப்பிடறவர். அதை இவங்க மறைச்சுட்டாங்க. அதனால முடிவை நான் ஒருத்தனே எழுத வேண்டியதாப் போச்சு.”

“உண்மையாம்மா?” என்றார் தலைவர்.

“தம்பி இருக்கான், உண்மைதான். ஆனா எழுத வேண்டாம்னு சொன்னதே...”

“எழுதிக் கொடுத்தீங்களா, இல்லையா?”

“இல்ல.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் கத்தினது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. புது மாத்திரை பட்டியலில் ஏறியது, பழையது இறங்கியது.

வாசலில் யூஃபியின் சட்டையைப் பிடித்தாள். “அடப்பாவி, ஏன்டா இப்படிப் பண்ணினே?”

“கத்தாதே. கூரை ஒழுகற இடத்துல இன்னும் எத்தனை வருஷம் உக்காந்திருப்போம்? கம்பெனிக்காரங்க நம்ம மையத்துக்குக் கட்டடம் கட்டித் தர்றாங்க. இந்த ஒரு மருந்துக்குக் கண்ணை மூடிக்கிட்டா, இனி வர்ற மருந்தையெல்லாம் ஒழுங்காப் பாக்கலாம்.”

“பச்சைத் தண்ணி குடிக்க மாட்டோம், கட்டடத்தை மட்டும் முழுங்கிடுவோமா?”

“அக்வேக்குப் புது மாத்திரை நானே வாங்கித் தரேன், போதுமா?”

சட்டையை விட்டுவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் அக்வே கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். “என்னக்கா மூஞ்சி இப்படி இருக்கு? யூஃபி அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன பயம்?”

“அவன்தான்டா. உன் பேரைச் சொல்லித்தான் உன் மாத்திரையைப் பிடுங்கினான்.”

அக்வே சிரித்துவிட்டான். “சும்மா இரு அக்கா! இப்பவே அண்ணன்கிட்டயே கேக்கறேன்” என்று போனை எடுத்தான். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். யூஃபி எடுக்கவில்லை.