முளைக்கீரைப் பாத்தி

மனைவிக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த வீராசாமி, சொம்பைப் போட்டுவிட்டு ஈர வேட்டியோடு தோட்டத்துக்கு ஓடினார். பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் முளைக்கீரையை வேரோடு பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது வேணாம்.”

“எம் மருமவ பூஜாவுக்குப்பா. மாசமா கீற பொண்ணு, இங்க வர வேணாம்னு சொல்லிட்டோம். வூட்டுல தனியா அழுதுக்கினு கீது. காலைலேர்ந்து ஒண்ணும் துண்ல. ரெண்டு கீரய கடஞ்சி குடுக்கலாம்னு…” சொக்கம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள். “கீதா பாத்துக்கினு இருந்த பாத்தின்னு மனசு வர்லயா? சரி, வுடு.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவள் போய்விடுவாள்.

கீதா வெளி எருவைச் சட்டென்று நம்பமாட்டாள். எந்த மாட்டுச் சாணி, அந்த மாடு தின்ற வைக்கோலுக்குக் களைக்கொல்லி அடித்தார்களா என்று துருவிக் கேட்பாள். பிறகும் ஒரு டப்பாவில் அதை மண்ணோடு கலந்து நாலு அவரை விதை போடுவாள். இலை சுருண்டால் எரு தோட்டத்துக்குள் வராது. காவாந்தண்டலத்திலிருந்து வந்த ஒரு டிராக்டர் லோடை வாசலிலேயே திருப்பி அனுப்பியவள்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு மாதத்தில்தான், குப்பைமேட்டில் சலித்த கறுப்பு உரத்தை வீராசாமி ஆறு மூட்டை கொண்டுவந்து கொட்டினார். அவள் திரும்பி வரும்போது பாத்தி பச்சையாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம். கொட்டும்போது கண்ணாடிச் சில்லு வந்தது, மாத்திரை அட்டை வந்தது, வெடித்து ஒழுகிய பேட்டரிகளும் வந்தன. பொறுக்கி எறிந்துவிட்டு விதைத்தார். கீரை தளதளவென்று எழும்பியது.

“கீர எப்டி கீது?” என்று முந்தாநாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

“ஜம்முனு கீது” என்றார். அவள் சிரித்தாள்.

“அதில்லக்கா,” என்றார் வீராசாமி. “குப்பமேட்டு எருவ போட்டுட்டேன். உள்ள பேட்டரிலாம் இருந்திச்சி. மண்ணுல இன்னா எறங்கிக்கீதோ, தெர்ல.”

“கீதாவுக்குத் தெரியுமா?”

“சொல்லல.”

சொக்கம்மாள் மடியிலிருந்த கீரையைக் குனிந்து பார்த்தாள்.

“பூஜா இதுல எப்பனா துண்ணுச்சா?” என்று கேட்டார் வீராசாமி.

“இல்லப்பா. கீதா இல்லாத தோட்டத்துல நா கை வெப்பனா? இன்னிக்கிதான்…”

மடியை அவிழ்த்துக் கீரையைத் தரையில் கொட்டினாள். முந்தானையை இரண்டு தரம் உதறினாள். பிறகு நடந்தாள்.

வீராசாமி குனிந்து மிச்சத்தையும் பிடுங்கத் தொடங்கினார். குவியல் முழங்கால் உயரம் வந்தது. பந்தலிலிருந்து மச்சான் ஏகாம்பரம் சாப்பிடக் கூப்பிட்டார்.

“வரேன்” என்றார்.

வேலிச் சந்தில் நுழைந்த ஆடு ஒன்று நேராகக் கீரைக்கு வந்தது. தாடையைப் பிடித்துத் தள்ளினார். அது சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தது. வீராசாமி ஈர வேட்டியோடு குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, “இது வேணாம்டி, இது வேணாம்” என்று அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.